பீஸ் கேட்ட தோழிக்கு

நனைந்த கறுப்புக் கோட்டின் வாடையை மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். நேற்றுத் தென்காசியில் ஒரு வக்கீலின் மாடி ஆபீசில் நானும் இவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கோர்ட்டிலிருந்து சாரலில் நனைந்தபடி வந்த அந்த வக்கீல், கோட்டைக் கழற்றி என் தலைக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினார். கம்பளியும் அந்துருண்டையும் மழைத் தண்ணீரும் சேர்ந்த வாடை குப்பென்று இறங்கியது. மடியில் இருந்த பாப்பா மூக்கைச் சுருக்கினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

“என்ன?” என்று கேட்டார் இவர்.

“ஒண்ணுமில்ல, தூசி.”

“சாரல்ல ஏது தூசி?” என்றார். ஆனால் அதற்கு மேல் கேட்கவில்லை. அவருக்கும் அந்த வாடை தெரியும்.

நீ போய் ஒரு குற்றாலச் சீசன் கழிந்து அடுத்த சீசனும் வந்துவிட்டது. உனக்கு எழுத வேண்டும் என்று அன்றிலிருந்து நினைக்கிறேன், இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன். பாப்பா மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறாள். சாரல் தொடங்கினால் அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். ஒவ்வொரு வரி எழுதியதும் போய் அவள் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டு வருகிறேன். நீ இருந்தால் திட்டுவாய். “புள்ளையத் தூங்க விடுட்டி. நீ கை வைக்கதுலதான் அவ முழிக்கா.”

அந்த ஆபீசுக்கு எதற்காகப் போனோம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நடந்ததை உனக்கே ஒரு முறை சொல்லியாக வேண்டும். உனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் நீ மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தாய். நான் இந்தப் பக்கம் இருந்தேன்.

பாளையங்கோட்டை விடுதியில் நம் அறை மாடியில் இருந்தது. எமர்ஜென்சி முடிந்த வருஷம்தான் இரண்டு பேரும் பி.ஏ. பொருளாதாரம் முடித்தோம். சாப்பாட்டு மணி அடித்தால் எல்லோரும் தடதடவென்று இறங்குவோம், சாப்பிட்டுவிட்டுத் தடதடவென்று ஏறுவோம். நீ மட்டும் பாதிப் படியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாய்.

“ஏட்டி, என்ன நின்னுட்ட?”

“மலையப் பாக்கேன்.”

எதிரே இருந்தது விடுதியின் தண்ணீர்த் தொட்டி. “எங்கனட்டி மலை?” என்று கேட்டால், “கொஞ்சம் நில்லு, தெரியும்” என்பாய். இலஞ்சிக்காரிக்கு எங்கே பார்த்தாலும் குற்றாலம்தான் தெரியும் என்று கேலி செய்வோம். “மலையைப் பார்த்தது போதும், சாம்பார் ஆறுது” என்று வார்டன்கூட ஒரு நாள் சொன்னார். நீ நின்று மூச்சு வாங்குகிறாய் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. நீயும் சொல்லவில்லை.

நீ சட்டம் படிக்கப் போனாய், முடித்துத் தென்காசிக்கு வக்கீலாக வந்தாய். எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அப்பா ஆய்க்குடியில் இருந்த வயலை விற்று, தென்காசியில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இந்த வீட்டை என் பெயருக்கு வாங்கிக் கொடுத்தார். மொட்டைக் கோபுரத்துக்குள்ளிருந்து வருகிற காற்று இந்தத் தெருமுனை வரைக்கும் வரும். “உம் பேர்லயே இருக்கட்டும், மாத்தாத” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அப்பாவும் இப்போது இல்லை. என் பெயரில் இந்த உலகத்தில் இருக்கிற ஒரே பொருள் இந்த வீடுதான்.

இவருக்கும் இவருடைய அத்தானுக்கும் குற்றாலத்தில் கூட்டாக ஒரு லாட்ஜ் இருந்தது. அத்தான் என்றால் இவருடைய அக்காள் கணவர். எனக்கு அண்ணாச்சி முறை. பழைய பங்களா ஒன்றைக் குத்தகைக்கு எடுத்துத் தட்டி வைத்து மறைத்து அறைகள் ஆக்கியிருந்தார்கள். அருவியில் தண்ணீர் விழுகிற மாதங்களில் சம்பாதிப்பதுதான் வருஷம் முழுவதற்கும். ஆனி பிறந்தால் இரண்டு பேரும் மேற்கே மலையைப் பார்த்தபடியேதான் பல் தேய்ப்பார்கள்.

அந்த லாட்ஜுக்கு ஒரு வக்கீல் உண்டு. வயதானவர், பெரிய பெயர் எடுத்தவர், எங்கள் வீட்டில் ‘வக்கீல் சார்’ என்றால் அவர்தான். சாரல் விழுந்த முதல் வாரம் குடும்பத்தோடு வந்துவிடுவார். அருவிச் சத்தம் கேட்கிற முதல் அறை அவருக்கு. எண்ணெய் தேய்க்கிற ஆள் காலையிலேயே வந்து நிற்பார். ஊருக்குத் திரும்பும்போது கார் டிக்கியில் பலாப்பழமும் நேந்திரங்காய்ச் சிப்ஸும் ஏறும். இவர் அதைத் தன் கையாலேயே ஏற்றுவார். ஒரு முறை நான் கேட்டேன், “வக்கீல் சாருக்கு பீஸ் என்ன குடுக்கோம்?”

இவர் பதறிவிட்டார். “பீஸா? அவர்கிட்ட போய் பீஸுன்னு பேசுனா கோவிச்சுக்கிட்டுப் போயிருவார். சீசனுக்குச் சீசன் முதல் ரூம் யாருக்கு? அதுல கழிஞ்சிராதா?”

குற்றாலத்தில் அறை வைத்திருப்பவர்களுக்கு இப்படி ஒரு நம்பிக்கை உண்டு. டாக்டரானாலும் தாசில்தாரானாலும் எல்லாக் கணக்கும் அறையிலேயே கழிந்துவிடும் என்று. இவரை மட்டும் சொல்லி என்ன, அந்த வரிசையில் இருக்கிற எல்லா லாட்ஜ்காரர்களும் அப்படித்தான்.

பாப்பா கைக்குழந்தையாக இருந்த வருஷம், அண்ணாச்சி ஒரு யோசனையோடு வந்தார். ஐந்தருவிப் பாதையில் குளியலறை வைத்த பெரிய லாட்ஜ் ஒன்று குத்தகைக்கு வருகிறது, எடுத்துவிடலாம், பாங்க் கடன் கொடுக்கும். ஈடுக்கு என் வீட்டுப் பத்திரம் வேண்டும். அதனால் என்னையும் கூட்டில் ஒரு பார்ட்னராகச் சேர்த்துவிடலாம். வக்கீல் சார் எல்லாவற்றையும் டைப் அடித்துக் கொடுத்துவிட்டார். கையெழுத்துத்தான் பாக்கி.

“பேருக்குத்தான்மா. நீ லாட்ஜ் பக்கமே வர வேண்டாம். லாபம் மட்டும் வீடு தேடி வரும்,” என்றார் அண்ணாச்சி. “காலேஜ் படிச்ச புள்ளைக்கு நான் சொல்லியா தெரியணும்?”

அந்தக் கடைசி வாக்கியம்தான் என் வாயை அடைத்தது. காலேஜ் படித்தவள்தான். அந்தத் தாள்களில் இருந்த ஆங்கிலச் சொற்கள் ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்தவைதான். சேர்த்துப் படித்தால் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பாப்பாவுக்குத் தடுப்பூசி போட வேண்டும், அது முடியட்டும் என்று இரண்டு நாள் தவணை வாங்கினேன். மறுநாள் மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு உன் ஆபீசுக்கு வந்தேன்.

பொய்யும் இல்லை. உன் ஆபீஸ் மருந்துக் கடைக்கு மேல்மாடியில்தானே இருந்தது.

நீ அப்போதுதான் கோர்ட்டிலிருந்து வந்தாய். எனக்கு முன்னால் படி ஏறினாய், பாதியில் நின்றாய். நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு உனக்குக் கீழே நின்றேன். “இன்னும் மலையா?” என்றேன். “அதுக்குத்தானட்டி மாடியில ஆபீஸ் போட்டுருக்கேன்,” என்றாய். வெளுத்துப் போயிருந்தாய். கோர்ட்டு வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

மேலே போனதும் பாப்பா உன் கழுத்திலிருந்த வெள்ளைப் பட்டையைப் பிடித்து இழுத்தாள். நீ அதை அவளிடமே கழற்றிக் கொடுத்துவிட்டுத் தாள்களை வாங்கினாய். ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தாய்.

“இத எழுதுன வக்கீல் யாருக்கு வக்கீல்?”

“எங்களுக்குத்தான்.”

“எங்களுக்குன்னா? உன் வீட்டுக்காரருக்கா, அண்ணாச்சிக்கா, உனக்கா?”

“எல்லாருக்கும்தான். நம்ம வக்கீல்.”

“பீஸ் யார் குடுத்தா?”

அறையைப் பற்றிச் சொன்னேன். எண்ணெய்க் குளியல், பலாப்பழம், எல்லாம் சொன்னேன். நீ சிரிப்பாய் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. “ரூம் குடுத்தா அவர் விருந்தாளி. பீஸ் பேசி, இன்ன வேலைன்னு ஒப்புக்கிட்டாத்தான் நீ கட்சிக்காரி. விருந்தாளிகிட்ட உன் வீட்டுப் பத்திரத்தக் குடுப்பியாட்டி?”

அப்புறம் ஓர் ஆங்கிலத் தொடரில் விரலை வைத்தாய். ‘ஜாயின்ட்லி அண்ட் செவரலி.’ பரீட்சைக்கு நான் மனப்பாடம் செய்த எதிலோ இருந்த சொற்கள்தான். “சேர்ந்தும், தனித்தனியாவும். அண்ணாச்சி நாளைக்குக் கட்டில் வாங்குவார், மெத்தை வாங்குவார், கடன்ல வாங்குவார். குடுத்தவன் மூணு பேர்கிட்டயும் கேக்கலாம். இல்ல, உங்கிட்ட மட்டும் வந்து முழுசையும் கேக்கலாம். பேருக்குப் பார்ட்னர்னு சட்டத்துல ஒரு ஆளு கிடையாது. கையெழுத்து போடாத.”

பாப்பாவை இறுக்கிப் பிடித்திருக்கிறேன் போல, அவள் சிணுங்கினாள்.

“நீயே பாத்துக்கிடு. எல்லாத்தையும் உங்கிட்டயே விட்டுட்டேன்,” என்றேன்.

“சரி. பீஸ் பேசுவோமா?”

இப்போது எழுதும்போதும் அந்த நிமிஷம் சுருக்கென்று குத்துகிறது. ஒரு வாளி வெந்நீரைப் பகிர்ந்து குளித்தவர்கள் நாம். உனக்குக் காய்ச்சல் என்றால் உன் துணியை நான் துவைத்திருக்கிறேன். என் முகம் போன போக்கை நீ பார்த்தாய். பார்த்துவிட்டும் நிறுத்தவில்லை.

“கையெழுத்து போடாதன்னு சொன்னது தோழி. அது சும்மா. வக்கீல் வேணும்னா பீஸ் உண்டு. கேளு. இந்தத் தாள முழுசாப் படிச்சு, உனக்கு என்ன ஆகும்னு எழுதிக் குடுக்கது ஒரு வேலை, அதுக்கு இவ்வளவு. வீட்ட விட்டுட்டு வேற மாதிரி எழுத முடியுமான்னு அந்த வக்கீலப் பாத்துப் பேசுதது இன்னொரு வேலை, அதுக்கு இவ்வளவு. டைப் அடிக்க, ஸ்டாம்பு வாங்க ஆகுத செலவு தனி, ரசீதோட தருவேன். கோர்ட்டுன்னு வந்தா அது இதுல சேராது. அப்பம் புதுசாப் பேசணும். ஜெயிச்சாக் குடு, தோத்தா வேண்டாம்னு நான் பேச மாட்டேன். அப்படிப் பேசக் கூடாது. பேசுதவன்கிட்ட நீயும் போகாத.”

“எங்கிட்டயா இப்படிக் கணக்குப் பாக்க?” என்றேன். அழுகை வந்துவிட்டது.

நீ குரலைத் தணித்தாய். “ஏட்டி கோமு, சும்மா செஞ்சா நீ எங்கிட்ட ஒரு கேள்வி கேக்க மாட்ட. பாவம், அவளே சும்மா செய்யுதான்னு வாய மூடிக்கிடுவ. நானும், நம்ம கோமுதானே, நாளைக்குப் பாப்போம்னு உன் கேஸ் கட்டக் கீழ போட்டுருவேன். நீ என்னய வெரட்டணும். ‘பீஸ் குடுத்திருக்கேன், என்ன ஆச்சு’ன்னு இந்தப் படியேறி வந்து கேக்கணும். அந்த அதிகாரத்த விக்கேன், வாங்குதியா?”

வாங்கினேன். நான் டியூஷன் எடுத்துச் சேர்த்ததில் பாப்பாவின் பிறந்தநாளுக்கென்று எடுத்து வைத்திருந்த பணம் அது. நீ ஒரு பைசா குறைக்கவில்லை. ரசீது எழுதிக் கிழித்துக் கொடுத்தாய். கோபத்தோடு படியிறங்கினேன். கீழே மருந்துக் கடையில் ஒரு இருமல் மருந்தும் வாங்கிக்கொண்டேன், வீட்டில் காட்டுவதற்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ லாட்ஜுக்கு வந்தது நினைவிருக்கிறதா? என்ன கேட்கிறேன், உனக்கு எப்படி மறக்கும். வக்கீல் சார் இடுப்பில் துண்டோடு, உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, வராந்தாப் பலகையில் உட்கார்ந்திருந்தார். எண்ணெய் தேய்க்கிறவர் அவர் தோளில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சாரலில் குடையை மீறி நனைந்து நீ வந்து நின்றாய். ஞாயிற்றுக்கிழமை எதற்குக் கறுப்புக் கோட் என்று கேட்டேன். “கோட் இல்லன்னா பேசுத பொம்பளைங்கற பேருதான் மிஞ்சும்,” என்றாய்.

“சார், கோமதிக்கு நான் வக்கீல். இந்தப் பத்திரத்துல நீங்க யாருக்குன்னு தெரிஞ்சா பேசலாம்.”

வக்கீல் சார் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். “நான் குடும்பத்துக்கே வக்கீல்மா.”

“குடும்பம் கையெழுத்து போடாதே சார். ஆளுதானே போடணும்.”

எண்ணெய் தேய்த்தவர் கை நின்றுவிட்டது. அண்ணாச்சி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். வக்கீல் சார் கண்ணைத் திறந்து உன்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. கேட்டால் பொய் சொல்லாதவர். இத்தனை வருஷமாக யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

“பீஸ் குடுத்தது அவர்,” என்று அண்ணாச்சியைக் காட்டினார்.

இவர் முகம் அப்போது போன விதத்தை என்னால் மறக்க முடியவில்லை. “அப்பம் நான்?” என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

“நீங்க ரூம் குடுத்தீங்க தம்பி, நான் தங்கினேன். என்னைக்காவது பீஸ் என்னன்னு கேட்டிருக்கீங்களா? இந்தப் பத்திரம் அவருக்காக எழுதினது. உங்களுக்குன்னு யோசிச்சு நான் எழுதல.”

உன் கோட்டைக் கழற்றி வாங்கிச் சமையலறையில் எண்ணெய் காய்ச்சுகிற அடுப்புக்கு மேலே கொடியில் போட்டேன். ஆவி பறந்தது. அந்த வாடைதான் நேற்று என் தலைக்கு மேலே இறங்கியது. நீ அடுப்போரமாக உட்கார்ந்து சுக்குக் காப்பி குடித்தாய். உன் விரல் நுனிகள் நீலமாக இருந்தன. குளிர் என்றாய்.

நான் கையெழுத்துப் போடவில்லை. வீடு தப்பித்தது. அதற்கு மேல் எதுவும் நன்றாக நடக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். பெரிய மைனி, இவருடைய அக்காள், எங்கள் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்தினார். “படிச்சவ வந்தா, குடும்பம் பிரிஞ்சுது” என்று வீரகேரளம்புதூரில் இருக்கிற சொந்தக்காரர்கள் வரை பேச்சுப் போயிற்று. இவர் அத்தானோடு ஒரு வார்த்தை தடித்து, கூட்டிலிருந்து விலகினார். வேறொருவருடைய லாட்ஜில் மானேஜராகச் சேர்ந்தார். வீட்டுக்கு வந்தால், “உங்க வீட்டுல கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?” என்று கேட்பார். சிரித்துக்கொண்டேதான் கேட்பார். ‘உங்க வீடு’ என்பதில் மட்டும் சிரிப்பு இருக்காது.

நான் ஓடி வந்து உன்னிடம் கேட்டேன், விலகியதற்கு ஏதாவது எழுத வேண்டுமா என்று.

“அவருக்கு நான் வக்கீல் இல்லட்டி. உனக்குத்தான். புருஷன் பொண்டாட்டிக்கு ஒரே நன்மைன்னு நீ நெனைக்க. பத்திரத்துல அப்படி இருக்காது. அவர வேற ஆளப் பாத்து வக்கீலா வைக்கச் சொல்லு. ஆனா ஒண்ணு மட்டும் அவர் காதுல போடு. விலகினத பேப்பர்ல போடணும், கெஜட்டுல போடணும். ஊருக்குத் தெரியணும். இல்லன்னா கடன் குடுக்கவனுக்கு அவர் இன்னமும் பார்ட்னர்தான்.”

இவரிடம் சொன்னேன். இவர் கேட்டதும் நியாயம்தான் என்று அன்று தோன்றியது. “அக்கா புருஷன பேப்பர்ல போட்டு நாறடிக்கவா? நாளைக்கு அக்கா வீட்டுல ஒரு நல்லது கெட்டதுன்னா எந்த முகத்தோட போய் நிப்பேன்?” வேறு வக்கீலையும் பார்க்கவில்லை. பேப்பரிலும் போடவில்லை. கூட்டிலிருந்து விலகிய செய்தி இவருக்கும் அத்தானுக்கும் அந்த வராந்தாவுக்கும் மட்டுமே தெரிந்த செய்தியாக நின்றுபோயிற்று.

நீ இரண்டு முறை கேட்டுவிட்டாய், “போட்டாரா?” என்று. இரண்டாவது முறை நான் பேச்சை மாற்றினேன். நீ என்னைப் பார்த்துவிட்டு, பாப்பாவுக்கு என்ன மருந்து கொடுக்கிறாய் என்று கேட்டாய்.

அடுத்த கோடையில் நீ காய்ச்சலில் விழுந்தாய். திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நெஞ்சுக்குள்ளே வால்வு கெட்டிருக்கிறது, சின்ன வயசிலிருந்தே, என்றார்கள். நான் அந்த வார்த்தையை முதல் முறையாகக் கேட்கிறேன். எல்லாம் முடிந்த பிறகு, இலஞ்சியில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: “படி ஏறக் கூடாதுன்னு டாக்டர் தலபாடா அடிச்சுக்கிட்டார். மாடியிலதான் ஆபீஸ் போடுவேன்னு நின்னா. ஏம்ளான்னு கேட்டா, கீழ மருந்துக் கட இருக்குல்லா, பொம்பளையாளுக மருந்து வாங்க வந்தாவன்னு பாக்குதவங்க நெனச்சுக்கிடுவாங்க, அப்பந்தான் பயமில்லாம மேல வருவாங்கன்னு சொல்லுதா.”

இருமல் மருந்துப் பாட்டில் அன்றும் என் அலமாரியில் இருந்தது, திறக்காமல்.

நீ போன அந்த வருஷம் சாரல் விழவில்லை. ஐந்தருவி பெயருக்கு ஒழுகியது. அண்ணாச்சி வேறெங்கோ கடன் வாங்கி எடுத்திருந்த பெரிய லாட்ஜ் பூட்டியே கிடந்தது. இந்த ஆனியில் ஒரு நாள், பாப்பாவுக்கு ஆவி பிடித்துக்கொண்டிருந்தபோது, கோர்ட்டு ஆள் வாசலில் நின்று இவர் பெயரைக் கூப்பிட்டார். சம்மன். கட்டிலும் மெத்தையும் கடனுக்குக் கொடுத்தவர் வழக்குப் போட்டிருக்கிறார். அண்ணாச்சி முதல் பிரதிவாதி, இவர் இரண்டாவது. இவர் விலகிய பிறகு வாங்கிய கட்டில்கள். இவர் விலகியது கடன் கொடுத்தவருக்கு எப்படித் தெரியும்? யாரும் சொல்லவில்லையே.

என் பெயர் அதில் இல்லை. மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டேன், இல்லை. அதற்காக நிம்மதிப்பட முடிகிறதா? இவர் படுத்துக்கொண்டு உத்தரத்தைப் பார்க்கிறார். நானும் பார்க்கிறேன். வீட்டைத் தா என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருப்பது என்னை அரிக்கிறது. நான் காப்பாற்றி வைத்த வீட்டைக் கொடுத்துத்தான் இவரை மீட்க வேண்டுமோ? கொடுத்துவிட்டுப் பாப்பாவை எங்கே கிடத்துவேன்? நீ இருந்தால், “அது வேற வேலை, அதுக்கு வேற பீஸு,” என்று சொல்லி என்னைக் கோபப்படுத்தியாவது வைத்திருப்பாய்.

அதற்குத்தான் நேற்று அந்த ஆபீசுக்குப் போனோம். புதிதாகத் தொழிலுக்கு வந்த வக்கீல், ஒரு வகையில் இவருக்குத் தம்பி முறை. கோட்டை மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்ததும் சம்மனை வாங்கிப் பார்த்தார்.

நான் என் கைப்பையைத் திறந்தேன். “தம்பி, முதல்ல பீஸ் சொல்லுங்க. என்னென்ன வேலைக்கு எவ்வளவுன்னு.”

“என்ன மைனி இப்படிக் கேக்கிய? நமக்குள்ள என்ன பீஸு? அண்ணன் வேல பாக்குத லாட்ஜுல சீசனுக்கு ரெண்டு நாள் ரூம் பிடிச்சுக் குடுத்தாப் போதும்,” என்று சிரித்தார்.

அப்போது இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேலே தொங்கிய கோட்டை ஒரு முறை பார்த்தார். அவர் குரலில் உன் கேள்வியைக் கேட்பேன் என்று நான் நினைக்கவே இல்லை.

“தம்பி, நீ யாருக்கு வக்கீல்?”

“உங்களுக்குத்தாண்ணே.”

“எனக்கு மட்டுமா? அத்தான் இங்கன வந்தாரா?”

அந்தப் பையன் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மறுபடி மூடினார். “நேத்து வந்தாவ. நம்ம அத்தான்தானே, வக்காலத்துல கையெழுத்து வாங்கிட்டேன். ரெண்டு பேருக்கும் சேத்து நானே பாத்துக்கிடலாம்னு...”

“அவர் வேற, நான் வேற தம்பி. நான் விலகுனவன். அதச் சொல்லத்தான் எனக்கு ஒரு வக்கீல் வேணும்,” என்றார் இவர். சம்மனை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “ஒம்மேல ஒரு வருத்தமும் இல்ல. நீ ஒளிக்காமச் சொன்னியே, அது போதும்.” எழுந்துகொண்டார்.

அடுத்து எங்கே போவது? திருநெல்வேலிக்குத்தான் போக வேண்டும். அங்கே எங்களுக்கு யாரையும் தெரியாது. சொந்தம் இல்லை, முறை இல்லை. அதுவே நல்லதென்று நீ சொல்லக்கூடும். வாய்தாவுக்கு நாள் அதிகம் இல்லை. பேப்பரில் போடாமல் விட்டதற்கு எந்த வக்கீலாலும் என்ன செய்ய முடியும் என்றும் தெரியவில்லை. கைப்பையில் பீஸ் பணம் அப்படியே இருந்தது. பாப்பாவை இவர் தோளில் போட்டுக்கொண்டார். அவள் மூச்சில் லேசாக விசில் கேட்டது. படி இறங்கினோம்.

பாதிப் படியில் என் கால் நின்றுவிட்டது. கைப்பிடிச் சுவர் சாரலில் சில்லென்று இருந்தது. எதிரே காரை பெயர்ந்த ஒரு சுவர், அதில் பாதி கிழிந்த சினிமா போஸ்டர், அதற்கு மேலே ஒரே வெள்ளையாக மேகம்.

முன்னால் போன இவர் திரும்பிப் பார்த்தார். “என்ன நின்னுட்ட?”

“மலையப் பாக்கேன்.”

அவர் அந்தச் சுவரைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “எங்கன மலை?”

“கொஞ்சம் நில்லுங்க,” என்றேன். “தெரியும்.”

பாப்பாவைத் தோள் மாற்றிக்கொண்டு, அவரும் நின்றார்.